விண்கலத்திலிருந்து சூரியனின் அதீதப் புற ஊதாக் கதிரை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரியனைப் பற்றிக் கல்லூரிகளிலும் நூலகக் கூட்டங்களிலும் பேசப் போகும்போதெல்லாம், பேச்சு முடிந்த பின் சிலர் அருகில் வந்து கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நாசாவின் எஸ்.டி.ஓ. என்ற சூரிய ஆய்வு விண்கலத்தில் அதீதப் புற ஊதாக் கதிரை அளக்கும் "ஈவ்" என்ற கருவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறேன். இந்த அளவீட்டின் முழுப் பாடும் அதில் தெரிகிறது என்பதே காரணம்.

சன்ஸ்கிரீன் விளம்பரத்தில் யூவி என்கிறார்களே, இதுவும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை. தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிரின் அலைநீளம் 280 முதல் 400 நானோமீட்டர் வரை இருக்கும். அதீதப் புற ஊதா அதைவிட வெகு குறைந்த அலைநீளம் கொண்டது. ஏறக்குறைய 10 முதல் 121 நானோமீட்டர் வரை. அதற்கும் கீழே போனால் எக்ஸ் கதிர். ஆய்வாளர்கள் இதைச் சுருக்கி "ஈயூவி" என்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளித்துகளும், சுமக்கும் ஆற்றல் கூடும். 1,240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் அந்த ஆற்றல், அணு அளவிலான ஆற்றலுக்குரிய அலகான எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைத்துவிடும். பச்சை ஒளியின் ஃபோட்டானுக்கு இரண்டரைக்கும் சற்றுக் குறைவாக வரும், 30.4 நானோமீட்டர் ஃபோட்டானுக்கு 40.8 வரும். ஆக்சிஜன் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 போதும். கீழே வரும் பல விடைகள் இந்த ஒரு கணக்கிலிருந்தே கிளைக்கின்றன.

தரையிலிருந்தே அளக்க முடியாதா? கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வகம் இருக்கிறதே?

கொடைக்கானல் ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் பதிவு செய்து வருகிறது. ஆனால் ஈயூவி அந்த உயரத்தின் பக்கம்கூட வருவதில்லை. மேலே சொன்ன கணக்கின்படி ஒவ்வோர் ஈயூவி ஃபோட்டானும் காற்றின் மூலக்கூறுகளை உடைக்கவோ, எலக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கவோ போதிய ஆற்றலுடன் வருவதால், அதன் பெரும்பகுதி 100 கிலோமீட்டருக்கு மேலேயே விழுங்கப்பட்டுவிடுகிறது. மலை உச்சி, பலூன், விமானம் எதுவும் அந்த உயரத்தை எட்டாது.

அதனால்தான் ராக்கெட் வரும் வரை இந்தத் துறையே பிறக்கவில்லை. 1946 அக்டோபரில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றப்பட்ட வி-2 ராக்கெட் ஒன்றில் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் டூசியின் குழு, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பதியும் நிறமாலைமானியை வைத்து அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஏவியது. ஓசோன் படலம் மறைத்து வைத்திருந்த சூரிய நிறமாலையின் ஒரு பகுதி அப்போதுதான் முதன்முறையாகப் பதிவானது. அதற்கும் அப்பால் உள்ள ஈயூவி பகுதி, அடுத்தடுத்து வந்த ராக்கெட்டுகளாலும் செயற்கைக்கோள்களாலும் மெல்ல மெல்லத் திறந்தது.

மொத்தச் சூரிய ஒளியில் இது எவ்வளவு? அவ்வளவு சொற்பமானதை ஏன் இத்தனை பாடுபட்டு அளக்க வேண்டும்?

பூமியின் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்குச் சூரியன் தரும் மொத்த ஆற்றல் சுமார் 1,361 வாட். அதில் ஈயூவியின் பங்கு சில மில்லிவாட் மட்டுமே. ஆனால் சூரிய நடவடிக்கை ஏறி இறங்கும் பதினோராண்டுச் சுழற்சியில் மொத்த ஒளி ஏறக்குறைய 0.1 சதவீதம்தான் மாறுகிறது; ஈயூவியோ இரு மடங்கும், சில அலைநீளங்களில் அதற்கு மேலும் மாறுகிறது. அந்தச் சொற்ப ஆற்றல் முழுவதும் மிக மெல்லிய மேல் வளிமண்டலத்தில் இறங்குவதால், அங்கே அதுவே முதன்மை அடுப்பு. அங்கே மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தை உண்டாக்குவதும் அதுவே.

அடுப்பு எரிய எரிய மேல் வளிமண்டலம் பொங்குகிறது. சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளுக்கும் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளுக்கும் இடையே, 400 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்து மடங்கு வரை வேறுபடலாம். அந்தக் காற்றின் உராய்வுதான் செயற்கைக்கோள்களைக் கீழே இழுக்கிறது. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம், சூரிய நடவடிக்கை கணிப்பை மிஞ்சி எழுந்ததால் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே இறங்கி, 1979 ஜூலை 11 அன்று சிதறியது. துண்டுகள் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. ஜி.பி.எஸ். சமிக்ஞைகளும் தொலைதூர வானொலியும் இந்த அயனி மண்டலத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரிதானே? அந்த வெப்பத்தில் இவ்வளவு குறைந்த அலைநீளம் எப்படி வரும்?

சரியான கேள்வி. நாம் காணும் மேற்பரப்பிலிருந்து ஈயூவி ஏறக்குறைய வருவதே இல்லை. அதற்கு மேலே உள்ள மெல்லிய அடுக்குகளிலிருந்தும், பத்து லட்சம் டிகிரியைத் தாண்டும் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்தும் வருகிறது. அவ்வளவு வெப்பத்தில் இரும்பு அணு தன் எலக்ட்ரான்களில் பலவற்றை இழந்து, குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் ஒளிர்கிறது. எட்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு 17.1 நானோமீட்டரிலும், பதினான்கை இழந்தது 28.4 நானோமீட்டரிலும் கோடு போடும். முன்னது பத்து லட்சம் டிகிரிக்குச் சற்றுக் கீழே, பின்னது ஏறக்குறைய இருபது லட்சம் டிகிரியில்.

ஆகவே ஈயூவி நிறமாலை தொடர்ச்சியான ஒரு வானவில்லாக இல்லாமல், கூரான கோடுகளின் காடாக இருக்கிறது. ஒவ்வொரு கோடும் ஒரு வெப்பநிலையின் முகவரி. இதனாலேயே "ஈயூவி கூடியிருக்கிறது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை; எந்தக் கோடு கூடியது என்று கேட்க வேண்டும்.

தங்க நிறத்தில், நீல நிறத்தில் சூரியப் படங்கள் தினமும் வருகின்றனவே? அவற்றிலிருந்தே அளந்துவிட முடியாதா?

அந்தப் படங்களில் பலவும் எஸ்.டி.ஓ.வில் உள்ள மற்றொரு கருவி எடுப்பவை. நிறங்கள் அடையாளத்துக்காகப் பூசப்படுபவை. படக்கருவி சில குறுகிய பட்டைகளை மட்டும் பார்த்து, சூரியனில் எந்த இடம் ஒளிர்கிறது என்று காட்டுகிறது. மேல் வளிமண்டலத்துக்கு அந்த இடம் முக்கியமில்லை. முழு வட்டிலிருந்தும் மொத்தமாக எவ்வளவு ஆற்றல், எந்தெந்த அலைநீளத்தில் வந்து சேர்ந்தது என்பதே அதற்குக் கணக்கு. ஈவ் செய்வது அந்தக் கணக்கைத்தான். சூரியனை ஒரு தனி விண்மீனைப் போல, ஒரே புள்ளியாகப் பாவித்து அளக்கிறது.

எஸ்.டி.ஓ. 2010 பிப்ரவரி 11 அன்று ஏவப்பட்டது. ஈவ் கருவியைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் வளிமண்டல மற்றும் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், டாம் வூட்ஸ் தலைமையில் உருவாக்கியது. 0.1 நானோமீட்டர் நுணுக்கத்தில், பத்து விநாடிக்கு ஒரு நிறமாலை என்பது அதன் வேகம்.

கருவிக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

ஈயூவியை வில்லை கொண்டு குவிக்க முடியாது, ஏனென்றால் கண்ணாடி அதை விழுங்கிவிடும். சாதாரண ஆடியும் நேராக விழும் ஈயூவியை, அதிலும் குறைந்த அலைநீளங்களை, மிகச் சொற்பமாகவே திருப்பி அனுப்பும். குளத்து நீரின்மேல் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் அது தத்திப் போவதைப் போல, கதிரைப் பரப்பின்மேல் மிகச் சாய்வாக விழவைத்தால் நிறையவே பிரதிபலிக்கும். ஈவின் 5 முதல் 37 நானோமீட்டர் வரையிலான பிரிவு இப்படித்தான் இயங்கியது. ஒளி மெல்லிய பிளவு ஒன்றின் வழியாக நுழைந்து, நுண்கோடுகள் வரையப்பட்ட கீற்றணியில் சாய்வாக விழுந்து, அலைநீளவாரியாக விரிந்து, கடுங்குளிரில் வைக்கப்பட்ட சி.சி.டி. என்ற ஒளி உணரியில் பதிவாகும். 35 முதல் 105 நானோமீட்டர் வரையிலான இரண்டாம் பிரிவில் இரண்டு கீற்றணிகள் அடுத்தடுத்து ஒளியைப் பிரிக்கின்றன.

இவற்றோடு, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தந்த எளிய ஒளிமானி ஒன்றும் இருக்கிறது. அகலமான சில பட்டைகளை மட்டும், சிலிக்கான் ஒளி டையோடுகளைக் கொண்டு, விநாடிக்கு நான்கு முறை அளக்கிறது. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கச் சராசரியாக 3.65 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். ஆக, 40.8 எலக்ட்ரான் வோல்ட் சுமந்து வரும் ஒரு 30.4 நானோமீட்டர் ஃபோட்டான் ஏறக்குறைய 11 எலக்ட்ரான்களை எழுப்பும். மின்னோட்டத்தை அளந்தால் ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்குப் போய்விடலாம். இந்த எளிமையின் அருமை பின்னால் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சேர்ந்து உள்ளே வந்துவிடாதா?

வரும்; இந்த அளவீட்டில் பெரும் தொல்லை அதுதான். மேலே சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாட்டுக்கு நடுவே சில மில்லிவாட்டைத் தேடுகிறோம். அதற்காக வாசலில் உலோகப் படலம் ஒன்றை மறிக்கிறார்கள். 150 நானோமீட்டர் அளவே தடிப்புள்ள அலுமினியப் படலம், காணும் ஒளியைத் தடுத்து, ஏறக்குறைய 17 முதல் 80 நானோமீட்டர் வரையிலான ஈயூவியை விடும். மற்ற பகுதிகளுக்கு சிர்கோனியம், டைட்டானியம் போன்றவை உதவுகின்றன.

அவ்வளவு மெல்லிய படலம் ஏவுதலின் இரைச்சலிலேயே கிழியக்கூடும்; ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் காணும் ஒளி உள்ளே வெள்ளமாகப் புகுந்து அளவீட்டை மூழ்கடிக்கும். எனவே ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படலங்களைச் சுழலும் சக்கரத்தில் பொருத்தி, இடையில் முற்றிலும் மூடிய இருள் நிலை ஒன்றையும் வைக்கிறார்கள். இருளிலும் உணரி காட்டும் எண்ணை, ஒளியில் காட்டும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும்.

கருவி காட்டும் எண் சரி என்று ஏவுவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

தெரிந்த ஒளியைக் காட்டிப் பார்ப்பதன் மூலம். மேரிலாந்து மாநிலத்தின் கெய்தர்ஸ்பர்கில், அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தில் "சர்ஃப்" என்ற எலக்ட்ரான் வளையம் இருக்கிறது. ஒளி வேகத்தை நெருங்கிய எலக்ட்ரான்கள் வட்டப் பாதையில் வளையும்போது வெளிவிடும் ஒளி, எத்தனை எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன, அவற்றின் ஆற்றல் என்ன, வளையத்தின் ஆரம் என்ன என்பவற்றை வைத்துக் கோட்பாட்டிலிருந்தே கணக்கிடத் தக்கது. ஈவ் அதன் எதிரே வைக்கப்பட்டுத்தான் அளவுத்திருத்தம் செய்யப்பட்டது.

எலக்ட்ரான்களின் ஆற்றலை மாற்றி மாற்றிச் சோதிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. கீற்றணி 15 நானோமீட்டர் ஒளியின் ஒரு பகுதியை ("இரண்டாம் வரிசை" என்பார்கள்) அதன் இரு மடங்கான 30 நானோமீட்டர் இடத்தில் போட்டுவிடும். அந்தக் கலப்பு எவ்வளவு என்பதை இப்படித்தான் பிரித்தெடுக்கிறார்கள்.

ஒருமுறை திருத்திவிட்டால் போதாதா? விண்வெளியில் தூசி, மழை எதுவும் இல்லையே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. போதாது. கருவியின் ஒட்டுகள், பூச்சுகள், கம்பி உறைகள் ஆகியவற்றிலிருந்து கரிம மூலக்கூறுகள் ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அவை வடிகட்டியிலோ குளிர்ந்த உணரியிலோ படிய, சூரிய ஈயூவியே அவற்றைச் சமைத்துக் கரிப் படலமாக இறுக்கிவிடுகிறது. அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் கரி ஏறுவதைப் போலத்தான். அளக்க வந்த கதிரே அளவுகோலைத் தேய்க்கிறது. உணரியின் மேற்பரப்பும் ஓயாது விழும் கதிரால் மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும்.

சோர்வை அளக்க மறுபடியும் சர்ஃப் வளையத்துக்குக் கொண்டுவர முடியாது. எனவே ஈவ் கருவியின் இரட்டையை ஒரு சிறு ராக்கெட்டில் வைத்து ஒயிட் சாண்ட்ஸிலிருந்து மேலே அனுப்புகிறார்கள். அது 250 கிலோமீட்டருக்கு மேல் எழும்பி, சுமார் 5 நிமிடம் சூரியனைப் பார்த்து, பாராசூட்டில் இறங்குகிறது. ஏவும் முன்னும் மீட்ட பின்னும் அதை சர்ஃப் வளையத்தில் சோதிக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டும் ஒரே சூரியனைப் பார்த்தன. ராக்கெட் சொன்ன எண்ணுக்கும் விண்கலம் சொன்ன எண்ணுக்கும் உள்ள வேறுபாடே கருவியின் தேய்மானம்.

ராக்கெட் பறக்காத மாதங்களுக்கு, அரிதாகவே திறக்கப்படும் மாற்று வடிகட்டியோடு தினப்படி வடிகட்டியை ஒப்பிடுவது, உள்ளே பொருத்திய சிறு விளக்குகளால் உணரியின் சீர்மையைப் பார்ப்பது போன்ற வழிகள் உண்டு. ஒரு ராக்கெட் பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான வளைவை இவைதான் நிரப்புகின்றன. ஓர் ஈயூவி தரவுத் தொகுப்பின் தரத்தை நான் மதிப்பிடும்போது முதலில் பார்ப்பது, அது எத்தனை முறை இப்படித் தரையோடு கட்டப்பட்டது என்பதைத்தான்.

அப்படியானால், சூரியன் உண்மையிலேயே மங்கியதா, கருவி மங்கியதா என்ற குழப்பம் வராதா?

வந்திருக்கிறது. 1995இல் ஏவப்பட்ட சோஹோ என்ற சூரிய ஆய்வு விண்கலத்தின் ஒளிமானி, 2008ஆம் ஆண்டின் அமைதிக் காலத்தில் ஈயூவி 1996ஆம் ஆண்டின் அமைதிக் காலத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு என்று காட்டியது. பன்னிரண்டு ஆண்டுகள் கரி படிந்த கருவி என்பதால் பலர் ஐயுற்றார்கள். அந்த ஐயம் நியாயமானதே.

விடையின் பெரும்பகுதி வேறொரு திசையிலிருந்து வந்தது. செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைகள் சுருங்கும் வேகத்திலிருந்து மேல் வளிமண்டலத்தின் அடர்த்தியைக் கணக்கிட்டவர்கள், அதுவும் 1996ஐவிட 30 சதவீதம் அளவுக்குக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அடுப்பு தணிந்தால்தான் அவ்வளவு சுருங்க முடியும். கரியமில வாயு பெருகியதால் ஏற்பட்ட குளிர்ச்சி அதில் ஒரு சிறு பங்குதான். அந்த 15இல் ஒரு பகுதி கருவியினுடையது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. என் கருத்தில், சரிவு உண்மை. அதன் துல்லியமான அளவுதான் விவாதத்துக்குரியது.

ஈவ் கருவி 2014லேயே பழுதாகிவிட்டது என்று படித்தேனே?

பாதி உண்மை. 2014 மே 26 அன்று மின்கோளாறு ஒன்றால் 5–37 நானோமீட்டர் பிரிவின் உணரி நின்றுபோனது. இரண்டாம் பிரிவோ எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சோர்ந்ததால், நாளில் சில மணி நேரம் மட்டும் திறந்து, சூரியனில் திடீர் வெடிப்புகளான பெரிய பிழம்புகள் எழும்போது கூடுதலாகத் திறந்து, சிக்கனமாக நடத்தப்பட்டது.

எளியது என்று மேலே சொன்ன அந்த ஒளிமானி தொடர்ந்து அளந்தது. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் வரிசையில் 2016இல் ஏவப்பட்ட கோஸ்-16 முதல், 25.6, 28.4, 30.4 நானோமீட்டர் போன்ற தேர்ந்த சில கோடுகளை மட்டும் அளந்து, மீதி நிறமாலையைக் கணித மாதிரி கொண்டு கட்டும் முறை வந்திருக்கிறது. ஈவின் முதல் நான்காண்டு முழு நிறமாலைகள் அத்தகைய மாதிரிகளுக்கு இன்றும் கைகொடுக்கின்றன.

எஃப் 10.7 என்ற வானொலி எண் இருக்கும்போது இத்தனை செலவு ஏன்?

சூரியன் 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் வானொலிச் செறிவு, மழையிலும் மேகத்திலும் தரைக்கு வந்துசேரும். கனடாவில் ஆர்தர் கோவிங்டன் 1947இல் தொடங்கிய அந்தப் பதிவு இன்று பெண்டிக்டனில் தொடர்கிறது. நீண்ட காலப் போக்கை அறிய அதற்கு நிகரில்லை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஆனால் அது ஈயூவியின் நிழல் மட்டுமே. மேலே சொன்ன 1996–2008 ஒப்பீட்டில் எஃப் 10.7 சில சதவீதமே குறைந்தது. பிழம்புகளின் நிமிடக் கணக்கை நாளுக்கு மூன்று முறை எடுக்கும் எண் காட்டவும் முடியாது.

பெரிய எக்ஸ் வகைப் பிழம்பு என்றால் ஈயூவியும் பெரிதாகத்தானே இருக்கும்?

எப்போதும் இல்லை. எக்ஸ் என்பது எக்ஸ் கதிர்ச் செறிவை வைத்துத் தரம் பிரிப்பதில் மிக வலிய வகை. 2003 நவம்பர் 4 பிழம்பு எக்ஸ் கதிர் உணரிகளையே திணறடித்தது. ஆயினும் அதற்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 28 அன்று எழுந்த, எக்ஸ் கதிரில் அதைவிடச் சிறிய பிழம்புதான் பூமியின் அயனி மண்டலத்தை அதிகம் அடர்த்தியாக்கியது. நவம்பர் பிழம்பு சூரிய வட்டின் விளிம்பில் நடந்தது. அக்டோபர் பிழம்பு நடுப்பகுதிக்கு அருகில் நடந்தது. விளிம்பிலிருந்து கிளம்பும் ஈயூவி, சூரியனின் சொந்த வளிமண்டலத்தில் நீண்ட தூரம் சாய்வாகக் கடந்து வர வேண்டியிருப்பதால் வழியிலேயே பெரிதும் தேய்ந்துவிடுகிறது. எக்ஸ் கதிர் அவ்வளவு தேய்வதில்லை.

ஈவ் இன்னொன்றையும் கண்டது. சில பிழம்புகளில், எக்ஸ் கதிர் அடங்கிப் பல நிமிடங்கள் முதல் சில மணி நேரம் கழித்து, 33.5 நானோமீட்டர் இரும்புக் கோடு இரண்டாம் முறை எழுகிறது. வூட்ஸ் குழு 2011இல் இதைப் "பிந்திய கட்டம்" என்று பெயரிட்டு வெளியிட்டது. எக்ஸ் கதிரை மட்டும் பார்த்துப் பிழம்பு முடிந்தது என்று முடிவு கட்டியிருந்தால் இது புலப்பட்டிருக்காது.

நம் ஆதித்யா-எல்1 ஈயூவியை அளக்கிறதா?

நேரடியாக இல்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட அந்த விண்கலத்தின் புற ஊதாத் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை பார்க்கிறது. வேறு இரு கருவிகள் எக்ஸ் கதிரை அளக்கின்றன. ஈயூவி இரண்டுக்கும் இடையில் விழும் பகுதி. இது குறை என்று சொல்வதற்கில்லை. ஆதித்யாவின் கேள்விகள் வேறு. பின்னாளில் நம் நாட்டு விண்கலம் ஒன்று இந்த இடைவெளியை நிரப்பினால் பெரிதும் மகிழ்வேன்.

தரவை இறக்கிப் பார்த்தேன். ஜனவரியில் கூடுகிறது, ஜூலையில் குறைகிறது. சில வாரங்கள் தினமும் ஒரு பள்ளம் விழுகிறது. சூரியனில் என்ன நடக்கிறது?

சூரியனில் ஒன்றும் இல்லை. பூமி ஜனவரியில் சூரியனுக்குச் சுமார் 14.7 கோடி கிலோமீட்டரிலும் ஜூலையில் 15.2 கோடியிலும் இருப்பதால், வந்துசேரும் ஒளி ஏறக்குறைய 7 சதவீதம் மாறும். சராசரித் தொலைவுக்குத் திருத்திய தொகுப்பா, திருத்தாததா என்று கோப்பின் தலைப்பில் பாருங்கள். சூரியனை ஆராய்பவருக்குத் திருத்தியது வேண்டும். வளிமண்டலத்தை ஆராய்பவருக்குத் திருத்தாதது வேண்டும்.

தினப் பள்ளம், எஸ்.டி.ஓ.வின் பாதை மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய வாரங்களில் பூமியின் நிழலில் நுழைவதால் வருவது. நாளுக்கு அதிகபட்சம் 72 நிமிடம். நிழலின் ஓரத்தில் பூமியின் மேல் வளிமண்டலமே ஈயூவியை விழுங்கத் தொடங்குவதால் பள்ளத்தின் கரைகள் சரிவாக இருக்கும். 121.6 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோட்டில் மட்டும் தினமும் மெல்லிய குழிவு தெரிந்தால், அது பூமியைச் சூழ்ந்துள்ள ஹைட்ரஜன் மேகத்தின் வேலை. ஒழுங்கற்ற கூர்முனைகள் மந்தையாக எழுந்தால், அந்த நாளில் சூரியனிலிருந்து வேகத் துகள்கள் பாயும் புரோட்டான் புயல் இருந்ததா என்று பாருங்கள். துகள்கள் உணரியை நேரடியாகத் தாக்கியிருக்கும். இந்த நான்கையும் கழித்த பிறகும் 27 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று மிஞ்சினால், அது சூரியன் தன்னைத்தானே சுற்றும்போது ஒளிர் பகுதிகள் நம் பக்கம் வந்து போவதன் தடம்.